எங்கள் ஊர் பால்வாடியை மூடவிடாமல் காத்த அனுபவம்

தருமபுரி மாவட்டம் பாலக்கோடு வட்டத்தில் நெடுஞ்சாலைக்கு ஒருபுறமாக ஒதுங்கிக் கிடக்கும் சிற்றூர் எங்களுடையது. நடுநிலைப்பள்ளி, ரேஷன் கடை, ஊராட்சி அலுவலகம் எல்லாம் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய ஊரில். இந்தப் பக்கம் இருந்த ஒரே அரசுக் கட்டடம் பால்வாடி என்று நாங்கள் சொல்லும் அங்கன்வாடி மையம்தான். 2023-ல் அதையும் அந்தப் பக்க மையத்தோடு இணைக்கப்போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது.

எங்கள் டீச்சர் ஓய்வு பெற்றபின் அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. பக்கத்து மைய டீச்சருக்குக் கூடுதல் பொறுப்பு கொடுத்தார்கள். பாவம், அவருக்குச் சொந்த மையமே தலைக்குமேல் வேலை. இங்கே வந்து கையெழுத்துப் போடவே நேரம் சரியாக இருந்தது. ஆயாம்மா ஒருவர்தான் சமையலும் பார்த்து, பிள்ளைகளையும் பார்த்தார். தக்காளி பறிக்க விடியற்காலையில் கிளம்பும் அம்மாக்களுக்கு அந்த ஏற்பாட்டில் நம்பிக்கை போய்விட்டது. சிலர் கடன் வாங்கியாவது தனியார் நர்சரி வேனில் ஏற்றிவிட்டார்கள். மற்றவர்கள் பாட்டியிடம் விட்டுப் போனார்கள். ஆள் போடாததால் பிள்ளைகள் குறைந்தார்கள், பிள்ளைகள் குறைந்ததால் ஆள் போட முடியாது என்றார்கள்.

இணைப்பை ஊரில் எல்லோரும் எதிர்த்தார்கள் என்று சொன்னால் பொய். அரசு நடுநிலைப்பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் 2019-ல் எல்கேஜி, யுகேஜி தொடங்கினார்கள் அல்லவா? அதைக் கேள்விப்பட்ட சிலர், "பள்ளிக்கூடத்துக்குள்ளேயே போனா நல்லதுதானே அக்கா" என்று என்னிடமே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அங்கே போக 844-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டும். அதியமான்கோட்டையிலிருந்து ஓசூர் போகும் அந்தச் சாலை இப்போது நான்குவழி. லாரிகள் வரும் வேகம் இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். எங்கள் மகளிர் குழுவில் மூத்த பெரியம்மா ஒருவர், "மூணு முட்டைக்காகப் புள்ளைய அந்த ரோட்டத் தாண்டி அனுப்பச் சொல்றியா?" என்று கேட்டபின் அந்த வாதம் அடங்கிவிட்டது. வாரத்துக்கு மூன்று முட்டைதான் கணக்கு. முட்டை நாளில் கூட்டம் கூடும் என்பதும் உண்மை.

மகளிர் சுயஉதவிக் குழுவில் கணக்கு எழுதுகிறவள் என்பதால் எழுத்து வேலை என் தலையில் விழுந்தது. முதலில் செய்தது தகவல் உரிமைச் சட்ட மனு. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, எங்கள் மையத்துக்கு எத்தனை பணியிடம், எப்போதிலிருந்து காலி, பதிவேட்டில் எத்தனை குழந்தைகள், இணைக்கச் சொல்லி ஆணை ஏதாவது உண்டா என்று நான்கே கேள்வி கேட்டேன். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். கெடு முடியும் தறுவாயில் வந்தது. இணைப்பு ஆணை எதுவும் இல்லை, பணியாளர் இடம் காலி என்று எழுத்தில் இருந்தது. அதுவரை வாய்வார்த்தையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். அந்தத் தாள் வந்தபிறகு, "மேலிடத்து முடிவு" என்று யாராவது சொன்னால் எடுத்து நீட்ட ஒன்று இருந்தது.

அதே பதிலில் பதிவேட்டுக் கணக்கு 11 குழந்தைகள் என்று இருந்தது. எங்களுக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஒரு தெருவிலேயே அத்தனை பிள்ளைகள் உண்டு. குழுப் பெண்கள் தெருவைப் பிரித்துக்கொண்டு, ஆறு வயதுக்குட்பட்ட ஒவ்வொரு குழந்தையையும் பெயர், பிறந்த தேதி, அம்மா பெயரோடு நோட்டில் எழுதினோம். 46 வந்தது. விடுபட்டதற்குக் காரணங்கள் பல. திருமணமாகி வந்த பெண்களின் ஆதாரில் இன்னும் தாய்வீட்டு முகவரி. பெங்களூருவில் கட்டட வேலைக்கும் செங்கல் சூளைக்கும் போய் வருகிற குடும்பங்கள் கணக்கெடுக்கும் நேரத்தில் ஊரில் இருப்பதில்லை. பிள்ளைக்கு ஆதார் எடுக்கவில்லை, அதனால் சேர்க்க மாட்டார்கள் என்று தாங்களாகவே நினைத்துக்கொண்டு ஒதுங்கியவர்களும் உண்டு. அங்கன்வாடிப் பதிவுக்கான போஷன் டிராக்கர் என்ற அரசுச் செயலியில் அம்மாவின் ஆதாரை வைத்தே குழந்தையைப் பதியலாம். இதை வீடு வீடாகச் சொல்ல வேண்டியிருந்தது.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் பெயரையும் தனியாக எழுதினோம். பெரும்பாலான மனுக்களில் இதை விட்டுவிடுகிறார்கள். பால்வாடி என்றால் பிள்ளைகள் உட்கார்ந்து பாட்டுப் பாடும் இடம் என்றுதான் பலரின் நினைப்பு. சத்துமாவு வாங்குவது, தடுப்பூசி போடுவது, எடை பார்ப்பது எல்லாம் அதே கூரைக்கடியில்தான். எட்டு மாத வயிற்றோடு சத்துமாவுக்காக நெடுஞ்சாலையைத் தாண்டிப் போகிற பெண்ணின் பெயர் பட்டியலில் இருந்தால், படிக்கிற அதிகாரி நிமிர்ந்து உட்காருகிறார்.

உணவு உரிமை வழக்கில் 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் இருந்தும் அங்கன்வாடி இல்லாத குடியிருப்பு, கேட்டால் மூன்று மாதத்துக்குள் தர வேண்டும். மனுவின் முதல் பத்தியில் இதைப் போட்டோம். "அது புதுசா திறக்கிறதுக்கும்மா" என்றார் ஓர் அலுவலர். சரிதான். "இன்னைக்கு மூடினா நாளைக்கே புதுசு கேட்கிற உரிமை எங்களுக்கு வந்துடுதே சார், அப்புறம் எதுக்கு மூடணும்?" என்று கேட்டோம். அவரும் சிரித்துவிட்டார்.

ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானம் கொண்டுவந்தோம். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கூட்டத்தில் கைதட்டி ஒப்புக்கொள்வது வேறு, தீர்மானப் புத்தகத்தில் ஏறுவது வேறு. எங்கள் வரி எழுதப்பட்டதைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போட்டோம். அந்த நகல், 46 பெயர்ப் பட்டியல், தகவல் உரிமைப் பதில் மூன்றையும் சேர்த்து, தருமபுரியில் ஆட்சியர் அலுவலகத்துத் திங்கள்கிழமைக் குறைதீர்க் கூட்டத்தில் கொடுத்து மனு எண் வாங்கினோம். பிள்ளைகளையும் கூட்டிப் போகலாம் என்று சிலர் சொன்னார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. வெயிலில் வரிசையில் நிற்க வைத்துப் படம் எடுப்பதால் பதிவேட்டுக் கணக்கு மாறாது.

மனு நகரும்வரை மையத்தில் பிள்ளைகள் உட்கார வேண்டுமே. அதுதான் கடினமாக இருந்தது. அம்மாக்கள் முறைபோட்டு, ஆளுக்கு ஒரு காலைப் பொழுது ஆயாம்மாவோடு இருந்தோம். தண்ணீரும் ஒரு பிரச்சினையாக இருந்தது. இந்த மாவட்டத்தில் நிலத்தடி நீரில் இருக்கும் ஃபுளோரைடு பல்லை மஞ்சளாக்கிக் கெடுப்பது எல்லோரும் அறிந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஆனால் குழாய் தெருமுனையோடு நின்றுவிட்டதால் மையத்தில் போர்வெல் தண்ணீரில் சமைத்துக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் பல்லோடு வளர்ந்த அம்மாக்கள் எப்படிப் பிள்ளையை அனுப்புவார்கள்? ஊராட்சியில் கேட்டுக் குழாயை மையம்வரை நீட்டியதும், எந்த மனுவும் கொண்டுவராத பிள்ளைகள் திரும்பி வந்தார்கள்.

அங்கன்வாடி மேற்பார்வையாளர் வந்து எங்கள் நோட்டையும் பதிவேட்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டார். சூளைக்குப் போயிருந்தவர்களைச் சேர்க்கவில்லை, வந்ததும் சேர்க்கலாம் என்றார். அப்படியும் முப்பதைத் தாண்டியது. இணைப்புப் பேச்சு அத்தோடு நின்றது. 2025-ல் மாநிலம் முழுக்க 7,783 அங்கன்வாடிப் பணியிடங்களை நிரப்ப அறிவிப்பு வந்தபோது, எங்கள் மையத்தின் காலியிடமும் அதில் இருக்கிறதா என்று தேடிப் பார்த்து, ஊரில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்களை விண்ணப்பிக்கச் சொன்னோம். இப்போது காலையில் கதவைத் திறக்கச் சொந்த டீச்சர் இருக்கிறார்.

நர்சரி வேன் இன்னும் வருகிறது, சில பிள்ளைகள் அதில்தான் போகிறார்கள். கூரை மழைக்கு ஒழுகுகிறது. ஊரக வேலைத் திட்ட நிதியையும் சேர்த்துப் புதுக் கட்டடம் கட்டலாம் என்று மனு கொடுத்திருக்கிறோம். அதற்கும் எண் வாங்கி வைத்திருக்கிறேன்.