என் பேரில் யாரோ வாங்கிய கடன்

ஆடிக் கடைசியில் வங்கிக்குப் போயிருந்தேன். பாம்பனில் எங்களுக்குக் கருவாட்டு வியாபாரம். மணலில் பாய் விரித்துக் காயப்போட்டால் மண் ஒட்டி விலை குறைகிறது, அதனால் வீட்டுக்குப் பின்னால் சிமெண்டுக் களம் ஒன்று போட்டுவிடலாம் என்று முத்ராவில், அதாவது சிறுதொழிலுக்கான அரசுக் கடன் திட்டத்தில், ஒன்றரை லட்சம் கேட்டிருந்தேன். ஐப்பசி மழை இறங்குவதற்குள் வேலை முடிய வேண்டும் என்பது கணக்கு. மேனேஜர் கணினியைப் பார்த்துவிட்டு, "ஏற்கெனவே வாங்கின கடன்ல நாலு தவணை நிக்குதேம்மா" என்றார். நகைக்கடன் தவிர வேறு கடன் நான் வாங்கியதே கிடையாது. சொன்னேன். அவர் நம்பினாரோ இல்லையோ, "சிபில் அறிக்கையை நீங்களே எடுத்துப் பாருங்க" என்று மட்டும் சொன்னார். யார் என்ன கடன் வாங்கினார், ஒழுங்காகக் கட்டினாரா என்று குறித்து வைக்கிற நிறுவனம்தான் சிபில்.

இரண்டு மாதமாகவே தெரியாத எண்களிலிருந்து "தவணை கட்டுங்க மேடம்" என்று ஃபோன் வந்துகொண்டுதான் இருந்தது. வேறு யாருக்கோ வந்தது என்று துண்டித்துவிட்டேன். அப்போதே "எந்தக் கடன், எந்தத் தேதி, எந்த ஊர்" என்று கேட்டிருந்தால் இரண்டு மாதம் மிச்சமாகியிருக்கும்.

அன்று ராத்திரி மகளை உட்கார வைத்து அறிக்கையை எடுத்தோம். பான் எண், பிறந்த தேதி, ஃபோனுக்கு வரும் ஓடிபி, அவ்வளவுதான். வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி, 2017 முதல் இருக்கிறது. சிபில் மட்டுமில்லை, எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு நிறுவனங்கள், நான்கிலும் தனித்தனியாக எடுக்கலாம். பணம் கட்டும் திட்டத்தைக் காட்டினால் அதைத் தாண்டிப் போய் இலவசம் என்பதைத் தேடி அழுத்துங்கள்.

அறிக்கையில் என் பெயர், என் பான், ஆனால் முகவரி கோயம்புத்தூரில் ஏதோ ஒரு தெரு. நான் கால் வைக்காத ஊர். அங்கே ஒரு கடையில் 38,000 ரூபாய்க்குத் தவணையில் ஃபோன் வாங்கியிருக்கிறார்கள். அடியில், யார் யார் நம் அறிக்கையைக் கேட்டுப் பார்த்தார்கள் என்று ஒரு பகுதி வரும், அதையும் விடாமல் பாருங்கள். எனக்கு அதில் இன்னும் இரண்டு கம்பெனிகள் இருந்தன. அங்கேயும் என் பேரில் கடன் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள், கிடைக்கவில்லை போல.

மறுநாள் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்கு ஃபோன் செய்தேன். சைபர் குற்ற இணையதளத்திலும் புகார் பதிந்து, ராமநாதபுரம் போய் எழுத்தில் மனு கொடுத்து ரசீதும் வாங்கினேன். பிறகு ஒவ்வொரு இடத்திலும் முதலில் கேட்டது அந்த ரசீது எண்ணைத்தான். சிபிலில் அந்தக் கடன் என்னுடையது இல்லை என்று ஆன்லைனில் ஆட்சேபம் போட்டேன். ஆனால் கடன் கொடுத்த கம்பெனி ஒத்துக்கொள்ளாமல் அவர்கள் தாமாகத் திருத்த மாட்டார்கள். அதனால் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு நேரடியாக எழுதி, விண்ணப்பப் படிவத்தின் நகல், கொடுத்த அடையாளச் சான்றுகள், பதிவான ஃபோன் எண் மூன்றும் வேண்டும் என்று கேட்டேன். ஃபோனில் பேசியதெல்லாம் காற்றோடு போனது. எழுதியதற்குத்தான் பதில் வந்தது, அதுவும் மூன்றாவது கடிதத்துக்கு.

வந்த நகலைப் பார்த்ததும் வயிறு கலங்கிவிட்டது. படிவத்தில் ஆங்கிலக் கையெழுத்து. நான் தமிழில் மட்டும்தான் கையெழுத்துப் போடுவேன், வங்கியிலும் அதுதான் இருக்கிறது. ஆனால் ஆதார் நகல் என்னுடையதேதான், என் படத்தின் நெற்றியிலிருந்து கீழே வரை ஒரு கறுப்புக் கோடு ஓடியது. எங்கள் பஸ் ஸ்டாப் ஜெராக்ஸ் கடை மெஷினின் கண்ணாடியில் கீறல், அங்கே எடுக்கிற எல்லாத் தாளிலும் அந்தக் கோடு விழும். தடைக்கால நிவாரணத்துக்கு என்று ஒவ்வொரு வருஷமும் வீட்டில் எல்லோருக்கும் அங்கேதான் நகல் எடுப்போம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கடலுக்குப் போகாத வீட்டில் அந்த 8,000 ரூபாய் பெரிசு, யார் தாள் கேட்டாலும் கொடுத்துவிடுவோம். குடை போட்டு சிம் விற்றவர்களிடமும் கொடுத்திருக்கிறேன். யார் கையிலிருந்து போனது என்று இன்றுவரை தெரியாது.

ஆட்சேபம் போட்டு 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று 2024 ஏப்ரலில் ஒரு விதி நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதைக் குறிப்பிட்டு எழுதினேன். அப்படியும் 30 நாள் தாண்டியதால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு சிஎம்எஸ் என்ற அவர்களுடைய புகார் தளத்தில் புகார் போட்டேன், செலவு எதுவுமில்லை. தமிழ்க் கையெழுத்துள்ள வங்கித் தாளையும் ஆங்கிலக் கையெழுத்துப் படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பியதுதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். ஐப்பசி நடுவில் அந்தக் கடன் அறிக்கையிலிருந்து போனது. அதற்குள் மழை வந்துவிட்டது.

நியூஜெர்சியில் இருக்கும் நாத்தனார் மகன், "ஃப்ரீஸ் பண்ணிருக்கலாமே அத்தை" என்றான். அமெரிக்காவில் சிபில் மாதிரி இருக்கும் மூன்று நிறுவனங்களிடமும் தனித்தனியாகச் சொல்லி நம் அறிக்கையை முடக்கி வைக்கலாமாம். முடக்கினால் புதிதாகக் கடன் கொடுக்க வருகிறவன் அதைப் பார்க்க முடியாது, பார்க்காமல் பெரும்பாலும் கொடுக்க மாட்டான். 2018 செப்டம்பரிலிருந்து அங்கே அது இலவசம், வேண்டும்போது நாமே திறந்துகொள்ளலாம். இங்கே அப்படி எல்லோருக்கும் சட்டப்படி ஒரு பூட்டு இல்லை, வர வேண்டும் என்று மனசார ஆசைப்படுகிறேன்.

இருக்கிற பூட்டுகளைப் போட்டேன். எம்ஆதார் செயலியில் கைரேகையைப் பூட்டிவிட்டேன். ஒன்று கவனியுங்கள், பூட்டியிருந்தால் ரேஷன் கடையில் விரல் வைத்தால் ஏற்காது. எனக்கு முதல் மாசம் வரிசையில் எல்லோர் முன்னாலும் அப்படி ஆனது. இப்போது வரிசையில் நிற்கும்போதே தற்காலிகமாகத் திறந்துகொள்கிறேன். சஞ்சார் சாத்தி என்ற மத்திய அரசின் தொலைத்தொடர்புத் தளத்தில் என் பேரில் எத்தனை சிம் என்று பார்த்தேன், தெரியாத எண் ஒன்று இருந்தது, என்னுடையது இல்லை என்று அழுத்திவிட்டேன். ஆதார் கேட்டால் கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற நகல்தான், அதிலும் இன்ன வேலைக்கு, இன்ன தேதி என்று படத்தின் மேலேயே பேனாவால் எழுதுகிறேன். ஜெராக்ஸ் கடையில் சரியாக விழாத தாளையும் கேட்டு வாங்கிவிடுகிறேன். கடைத் தம்பி ஒன்றும் சொல்வதில்லை, எடுத்துக் கொடுத்துவிடுகிறான்.

களம் தையில் போட்டோம். போன வாரம் எதிர்வீட்டு அக்கா பான் அட்டையும் ஃபோனுமாக வந்தார். அவர் அறிக்கையைக் கீழே வரை தள்ளிப் பார்த்தோம், ஒரே ஒரு நகைக்கடன். "அது நான் வாங்கினதுதான்" என்று மூச்சு விட்டார், அப்புறம் டீ போட்டோம்.