அம்மாவுக்கு ஆம்பளை ஸ்டெப் மட்டும்தான் தெரியும்

போன ஞாயிற்றுக்கிழமை வியாசர்பாடியில் சித்தியின் கடைசிப் பையனுக்கு ரிசப்ஷன். பொண்ணும் மாப்பிள்ளையும் மேடைக்கு நடந்து வரவில்லை, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஆடிக்கொண்டே வந்தார்கள், பின்னால் தோழிகள் ஒரு வரிசை, கலர் புகை வேறு. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியம்மா, "கல்யாணப் பொண்ணு இப்படியா குதிக்கும், கலி முத்திப்போச்சு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண் மட்டும் திரும்பவில்லை.

பெரியம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். 1816-ல் லண்டனில் இளவரசர் கொடுத்த விருந்தில் வால்ட்ஸ் ஆடிவிட்டார்கள் என்று டைம்ஸ் பத்திரிகை கொதித்துப்போய், இது ஆபாசமான அந்நிய ஆட்டம் என்று திட்டி எழுதியது. ஆணும் பெண்ணும் கட்டிப்பிடித்துக்கொண்டு சுற்றுகிறார்கள் என்பதுதான் பிரச்சினை. இன்றைக்கு வால்ட்ஸ் என்றால் கோட்டு சூட்டு போட்ட மரியாதையான ஆட்டம்.

இந்த ஆட்டப் பைத்தியங்களின் கதையை எங்கே படித்தாலும் எனக்கு முதலில் தோன்றுகிற கேள்வி, சரி, யார் கூட ஆடுவது?

டாங்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். அர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரிஸ் துறைமுகத்தை ஒட்டிய ஏழைக் குடியிருப்புகளில் 19-ம் நூற்றாண்டின் கடைசியில் உருவானது. கப்பலில் பிழைக்க வந்து இறங்கிய ஆண்கள் ஏகப்பட்ட பேர், பெண்கள் குறைவு, ஆகவே ஆம்பளையும் ஆம்பளையும் சேர்ந்துதான் ஸ்டெப் பழகினார்கள். அப்புறம் அது பாரிஸுக்குப் போய், 1913 வாக்கில் ஐரோப்பாவே டாங்கோ டாங்கோ என்று அலைந்ததில், ஜெர்மன் பேரரசர் கெய்சர் தன் ராணுவ அதிகாரிகள் சீருடையில் இதை ஆடக் கூடாது என்று தடை போட வேண்டியதாயிற்று. ராயபுரம், காசிமேடு பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. துறைமுகத்தை ஒட்டிப் பிறந்ததை முதலில் திட்டுவார்கள், பிறகு டிக்கெட் வாங்கிப் பார்ப்பார்கள்.

இன்னொரு கதை. 1923-ல் நியூயார்க்கில் ஆல்மா கம்மிங்ஸ் என்ற பெண் 27 மணி நேரம் நிற்காமல் ஆடினார். அவர் ஒருத்திக்கு ஈடுகொடுக்க ஆறு ஆண்கள் மாறி மாறி வர வேண்டியிருந்தது! அதைப் பார்த்துப் போட்டி போட்டுக்கொண்டு எல்லாரும் ஆரம்பித்தார்கள். பத்து வருஷத்துக்குள் அமெரிக்காவில் பொருளாதாரம் சரிந்து வேலை இல்லாமல் போனபோது, ஆடுகிறவரைக்கும் சாப்பாடும் தலைக்கு மேல் கூரையும் உண்டு என்பதற்காகவே ஜோடி ஜோடியாக வாரக்கணக்கில் ஆடினார்கள், ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கிக்கொண்டே. டிக்கெட் எடுத்து அதையும் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

சரி, பெரம்பூருக்கு வருகிறேன். அப்பாவுக்கு லோகோவில், அதாவது ரயில் இன்ஜின் பட்டறையில் வேலை. 1974-ல் கல்யாணமாகி அம்மா ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்தபோது பக்கத்து வீட்டில் ஒரு ஆங்கிலோ இந்தியக் குடும்பம். ஊரில் சட்டைக்காரங்க என்போமே, அவர்கள். கிறிஸ்துமஸ், புது வருஷம் என்றால் ரயில்வேக்காரர்கள் கிளப்பான இன்ஸ்டிடியூட்டில் பேண்டு வைத்து டான்ஸ் நடக்கும், அதில் ஜைவ் என்ற ஜோடி ஆட்டம்தான் ராஜா. இந்த ஜைவுக்கு வேர் நியூயார்க்கின் ஹார்லெம். 1926-ல் அங்கே திறந்த சவோய் என்ற ஆட்டக்கூடத்தில் கறுப்பின இளைஞர்கள் ஆடிய லிண்டி ஹாப், இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கச் சிப்பாய்களோடு கடல் தாண்டி இங்கிலாந்துக்குப் போய், அங்கே ஜைவ் என்று நிலைத்தது. அது சுற்றிச் சுற்றி எங்கள் குவார்ட்டர்ஸ் சமையல்கட்டு வரைக்கும் வந்துவிட்டது.

சமையல்கட்டு என்று சும்மா சொல்லவில்லை. அந்தப் பக்கத்து வீட்டு ஆன்டியின் வீட்டுக்காரர் இன்ஜின் டிரைவர், லைனுக்குப் போனால் எப்போது திரும்புவார் என்று சொல்ல முடியாது. டிசம்பர் வந்துவிட்டால் ஆன்டிக்குப் பழகிப் பார்க்க ஆள் வேண்டும். அம்மாவைப் பிடித்துக்கொண்டார். ஆன்டிக்குப் பொம்பளை ஸ்டெப்தான் ஆட வேண்டும் என்பதால் அம்மாவுக்கு ஆம்பளை ஸ்டெப்பைச் சொல்லிக்கொடுத்தார். கையைக் கொடுத்து இழுப்பது, சுற்றிவிடுவது, திரும்பி வரும்போது பிடிப்பது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அடுப்பில் சோறு வேக வேக, இரண்டு வருஷம் டிசம்பர் மாசம் இது நடந்திருக்கிறது. அப்பாவுக்குத் தெரியாது. இன்ஸ்டிடியூட்டுக்குள் அம்மா ஒரு நாளும் போனதில்லை. பிறகு அந்தக் குடும்பம் ஆஸ்திரேலியா போய்விட்டது.

ஜோடி தேவை என்ற கட்டுப்பாட்டையே உடைத்தது ட்விஸ்ட் ஆட்டம்தான். ஹாங்க் பாலார்டு எழுதிய பாட்டு, ஆனால் 1960-ல் சப்பி செக்கர் பாடியபோதுதான் தீப்பிடித்தது. 1962 தொடக்கத்தில் அதே ரெக்கார்டு மறுபடி அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தது. குளித்துவிட்டு டவலால் முதுகைத் துடைப்பது மாதிரி, கீழே போட்ட சிகரெட்டை இரண்டு காலாலும் அணைப்பது மாதிரி ஆடு, அவ்வளவுதான் பாடம். யாரையும் தொட வேண்டாம், யாரையும் கேட்க வேண்டாம். அதனால்தான் இங்கே இவ்வளவு சுலபமாக நுழைந்தது என்று நினைக்கிறேன். 1964-ல் காதலிக்க நேரமில்லை படத்தில் ரவிச்சந்திரன் வேலை கேட்டு ட்விஸ்ட் ஆடியபோது எந்த அப்பாவுக்கும் கோபம் வந்திருக்காது, பக்கத்தில் பெண்ணைக் கட்டிக்கொண்டு ஆடியிருந்தால் வந்திருக்கும்.

நம்ம குத்துக்கு என்றைக்குமே ஜோடி வேண்டியதில்லை. சாவு ஊர்வலத்தில் மேளம் அடித்தால் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு யார் வேண்டுமானாலும் இறங்கலாம். யார் வேண்டுமானாலும் என்றால், ஆம்பளை யார் வேண்டுமானாலும். நானும் தங்கையும் மொட்டை மாடித் தண்ணித் தொட்டிக்குப் பின்னால் நின்று பார்ப்போம், கால் மட்டும் தானாக அடிக்கும். 1993-ல் ஜென்டில்மேன் வந்து பிரபுதேவா ரயில் பாட்டுக்கு ஆடினார், ரயில்வே குவார்ட்டர்ஸ் பசங்களுக்குச் சொல்லவா வேண்டும், தெருவுக்கு நாலு பேர் எலும்பில்லாத மாதிரி நடந்தார்கள். நாங்கள் கதவைச் சாத்தி, டேப் ரெக்கார்டரில் சத்தத்தைக் குறைத்து ஆடினோம்.

மக்கரேனா பாட்டு அமெரிக்காவில் 14 வாரம் முதலிடத்தில் இருந்தது 1996-ல். அடுத்த வருஷம் என் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் அதற்கு அனுமதி கிடைத்தது, ஏனென்றால் வரிசையாக நிற்பது, யாரும் யாரையும் தொடுவதில்லை. ஆனால் இடுப்பைச் சுற்றுகிற இடத்தில் கைதட்டச் சொல்லிவிட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

அப்புறம் கங்னம் ஸ்டைலின் குதிரை ஓட்டுகிற ஸ்டெப், டிக்டாக், 2020-ல் தடை, இப்போது ரீல்ஸ். இப்போதைக்கு ஜோடி போன் கேமராதான்.

ரிசப்ஷனுக்கே திரும்புகிறேன். சாப்பாடு முடிந்து டிஜே சத்தத்தைக் கூட்டினான். பசங்க எல்லாரையும் இழுத்து ஆடவிட்டார்கள், பெரியம்மா உட்பட. அம்மாவுக்கு 71 வயது, முழங்கால் வலி. கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போகலாம் என்று போனால், அம்மா என் கையை மாற்றிப் பிடித்தார். ஒரு இழு, ஒரு தள்ளு, என்னைச் சுற்றிவிட்டார். பாட்டு நல்ல இறங்கிக் குத்துகிற பாட்டு, இவர் காலில் வேறு ஏதோ கணக்கு, தாளம் சேரவே இல்லை. எனக்கும் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் அம்மாவின் காலை நன்றாக மிதித்துவிட்டேன்.

"நீ ஆன்டி மாதிரி திரும்பணும்டி" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு. "இன்னொரு தடவை வா."