வயதுக்கு ஏற்ற சுருக்கம்

வரும் திங்கள்கிழமை பெங்களூரில் போஸ்ட்டாக் வேலையில், அதாவது பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆராய்ச்சி வேலையில் சேர்கிறேன். அல்சைமர் நோயில் மூளை எப்படி மாறுகிறது என்று எம்.ஆர்.ஐ., பெட் ஸ்கேன் படங்களை வைத்து ஆராயும் வேலை. இரண்டு வருட ஒப்பந்தம். முதல் வருடம் முடிந்ததும் பார்த்துவிட்டுத்தான் நீட்டிப்பார்கள். சம்பளம், மத்திய அரசு 2023 ஜனவரி முதல் உயர்த்திய கணக்குப்படி மாதம் 58,000 ரூபாய், வாடகைப்படி தனி. பர்கூரில் இன்ஜினியரிங் முடித்து, பிஎச்.டி.யும் முடித்த பிறகு இன்னும் என்ன என்று அப்பா கேட்டார். "இது படிப்பா, வேலையாம்மா?" "ரெண்டும்தான்பா" என்றேன். அதற்கு மேல் விளக்க அன்று நேரம் இல்லை. இங்கே விளக்கிப் பார்க்கிறேன்.

எல்லாம் அப்பாவைப் பெற்ற ஆயாவிடமிருந்து தொடங்கியது. 2015-ல் நான் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது, போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போன ஆயா வீடு திரும்பவில்லை. பொழுது சாய்ந்த பிறகு மத்தூர் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தவரை ஊர்க்காரர் ஒருவர் பார்த்துக் கூட்டி வந்தார். அதற்கு முன்பே களியில் இரண்டு முறை உப்புப் போட்டார், என்னை அத்தை பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நாங்கள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சி.டி. ஸ்கேன் எடுத்தோம். ரிப்போர்ட்டில் இருந்தது ஒரே வரி. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னால், 'வயதுக்கு ஏற்ற மூளைச் சுருக்கம்.' டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "வயசானா இப்படித்தான், பாத்துக்கோங்க" என்றார். நோய்க்குப் பெயர்கூடச் சொல்லவில்லை. மூன்று வருடம் பார்த்துக்கொண்டோம். 2018 பங்குனியில் ஆயா போய்விட்டார்.

வயதுக்கு ஏற்ற என்றால், எந்த வயது? ஆயாவின் வாக்காளர் அட்டையில் 74. ரேஷன் கார்டில் 68. ஸ்கேன் எடுத்த இடத்தில் எழுதிக்கொண்டது 74. ஆனால் ஆயா சொல்லும் கணக்கு வேறு: "கே.ஆர்.பி. டேம் கட்டறப்போ நான் பாவாடை கட்டின புள்ள. எங்கப்பன் மண்ணு சுமக்கப் போவாரு, நான் சோறு கொண்டு போவேன்." அந்தக் கிருஷ்ணகிரி அணையைக் கட்டியது 1950-களின் நடுவில். சோற்றுத்தூக்குடன் போகிற பிள்ளைக்குப் பத்து வயது என்று வைத்தால், 2015-ல் எழுபதை ஒட்டித்தான் இருந்திருப்பார். பிறந்த தேதி இல்லாத ஊர்களில் ஆய்வு செய்கிறவர்கள் இப்படித்தான், எல்லோருக்கும் நினைவிருக்கும் ஒரு நிகழ்ச்சியை வைத்து வயதைக் கணிப்பார்கள்.

ஐந்து வயது கூடினால் குறைந்தால் என்ன என்று தோன்றலாம். மூளையில் காதுக்கு உட்பக்கமாக, இடமும் வலமும் ஹிப்போகாம்பஸ் என்று ஒரு பகுதி உண்டு. கடற்குதிரை மாதிரி வளைந்திருப்பதால் அந்தப் பெயர். ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை மில்லிலிட்டர் அளவுதான். புதிதாக நடப்பதை நினைவில் பதிய வைப்பது அதன் வேலை. அல்சைமர் முதலில் கை வைக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. நோய் இல்லாத முதியவர்களுக்கும் அது வருடத்துக்குச் சுமார் 1.4 சதவீதம் சுருங்கும், நோய் வந்தவர்களுக்கு 4.7 சதவீதம் என்று 2009-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். மில்லியில் சொன்னால், வருடத்துக்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மில்லியில் பத்தில் ஒரு பங்கு. இதற்குள்தான் 'சாதாரணம்', 'நோய்' இரண்டும் இருக்கின்றன. வயதையே ஐந்து வருடம் தப்பாக எழுதிவிட்டு 'வயதுக்கு ஏற்ற' என்று எப்படிச் சொல்ல முடியும்?

அப்புறம், யாருடைய மூளையோடு ஒப்பிடுகிறோம் என்பது. அமெரிக்காவில் 2004-ல் தொடங்கிய ஆட்னி என்ற பெரிய ஆய்வின் படங்களை உலகம் முழுக்க ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்து கொடுத்திருக்கிறார்கள். நான் மூளைப் படம் பார்க்கக் கற்றதே அதில்தான், அந்த நன்றி என்றைக்கும் உண்டு. ஆனால் அதில் இருப்பவர்களில் பெரும்பாலோர் நன்றாகப் படித்த வெள்ளைக்காரர்கள். ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி. 2019-ல் இந்திய மூளைக்கென ஒரு வரைபடம் தயாரித்தபோது, நம் மூளை சராசரியில் அளவிலேயே சிறியது என்று தெரிந்தது. அதனால் நமக்கு அறிவு குறைவு என்று அர்த்தமில்லை. அளவுகோல் நமக்காகச் செய்ததில்லை என்றுதான் அர்த்தம். பள்ளிக்கூடமே போகாத, வருடத்துக்கு ஆறு மாதம் புளி தட்டிய ஒருவரின் மூளை எழுபது வயதில் எப்படி இருக்க வேண்டும்? பக்கத்துக் கோலார் மாவட்டம் சீனிவாசபுரத்தில், 45 வயதைத் தாண்டிய கிராமத்து மக்கள் 10,000 பேரைச் சேர்த்து வருடக்கணக்கில் தொடர்வது என்ற இலக்கோடு ஓர் ஆய்வு நடக்கிறது. அப்படிப்பட்ட வேலை எல்லா இடத்திலும் வேண்டும். அதில் ஒரு சின்னப் பங்குதான் நான் சேரும் இந்த வேலை.

இன்டர்வியூவில், படம் எடுக்கும்போது தலை அசைந்துவிட்டால் எந்த மென்பொருளில் சரிசெய்வாய் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. தலை அசைந்த படத்தில், சுருங்காத மூளையும் சுருங்கியது போலத் தெரியும். மென்பொருளின் பெயரைச் சொன்னேன். பிறகு பிஎச்.டி. செய்தபோது நடந்த ஒன்றைச் சொன்னேன்.

காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து ஓர் ஆயா வந்திருந்தார். எம்.ஆர்.ஐ. அறைக்குள் உலோகம் எதுவும் போகக் கூடாது. மெட்டியைக் கழற்றிவிட்டார். மூக்குத்தி வரவில்லை. நாற்பது வருடம் கழற்றாத மூக்குத்தி, திருகாணி இறுகி அசையவே இல்லை. தங்கம் காந்தத்தில் ஒட்டாதுதான், ஆனால் திருகாணியில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? சூடாகலாம், படமும் கெடும். தேங்காய் எண்ணெய் தொட்டு வைத்து, நூல் சுற்றி, கால் மணி நேரம் பொறுமையாகத் திருகினோம். அடுத்தது தாலி. "அவரு வெளிய உக்காந்திருக்காரு, அவரு இருக்கறப்போ கழட்டச் சொல்றியே பாப்பா" என்று அழத் தொடங்கிவிட்டார். டெக்னீஷியன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வெளியே ஓடி, பெட்டிக்கடையில் மஞ்சள் கயிறும் பூஜைக் கடையில் விரலி மஞ்சளும் வாங்கி வந்தேன். தாத்தாவையே உள்ளே கூப்பிட்டுக் கட்டச் சொன்னேன். அவர் மூன்று முடிச்சும் நிதானமாகப் போட்டார். அதன் பிறகுதான் பொன் தாலியைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்தார் ஆயா.

படுக்க வைத்தபோது சொன்னேன்: "போர்வெல் வண்டி சத்தம் மாதிரி இருக்கும் ஆயா. தண்ணி வர்ற வரைக்கும் அசையாம இருங்க." சிரித்தார். ஐந்து நிமிடப் படம், ஒரு மயிரிழை அசைவு இல்லை. அந்த வருடம் நாங்கள் எடுத்ததிலேயே தெளிவான படம் அதுதான்.

இன்டர்வியூ எடுத்தவர்கள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு தமிழ் தவிரக் கன்னடமும் பேசுவாயா என்று கேட்டார்கள். கிருஷ்ணகிரிக்காரியிடம் கேட்கிற கேள்வியா அது!

போன வாரம் பரணிலிருந்து ஆயாவின் சி.டி. ஃபிலிமை எடுத்து ஜன்னலில் ஒட்டிப் பார்த்தேன். காதுப் பக்கம் உள்ளே இருக்கும் அந்தச் சின்ன நீர் இடுக்கு இரண்டு பக்கமும் விரிந்திருந்தது. அதைச் சுற்றியிருக்க வேண்டிய சதை இளைத்திருந்தது. ஒரே ஒரு படத்தை வைத்து எதையும் முடிவாகச் சொல்லிவிட முடியாது, அது எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். ஆனால் அந்த ஒரு வரியை நான் எழுதியிருக்க மாட்டேன். அப்பா பின்னால் நின்று பார்த்தார். "இதுல எங்க இருக்கு, அவ என்னை மறந்தது?" என்று கேட்டார். விரல் வைத்துக் காட்டினேன். "அப்ப புளி?" என்றார். பெயரெல்லாம் போன பிறகும் மாசியில் புளியைக் கொட்டி வைத்தால் ஆயாவின் கை தானாக நாரை உரித்துக் கொட்டையை எடுத்துவிடும். ஒரு கொட்டை தப்பாது. கை பழகிய வேலை தங்கியிருப்பது மூளையின் வேறு இடங்களில், அங்கே நோய் வெகு தாமதமாகத்தான் போகும் என்றேன். அப்பா ஃபிலிமில் அந்த இடத்தையும் காட்டச் சொன்னார். காட்டினேன்.

நேற்று கிருஷ்ணகிரி போய் வேண்டியதை வாங்கிவிட்டேன். ஒரு பக்கெட், இரண்டு பெட்ஷீட், லேப்டாப் பை. பழையபேட்டைக் கடையில் மஞ்சள் கயிறு ஒரு கண்டு, கால் கிலோ விரலி மஞ்சள். ஸ்கேன் அறைக்கு வெளியே இருக்கும் மேஜையின் இழுப்பறையில் வைத்துக்கொள்ளலாமா என்று முன்கூட்டியே கேட்டுவிட்டேன். வைத்துக்கொள் என்றார்கள்.