உறுதி வைத்த பை

அனர்த்த முன்னாயத்த வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் யாழ்ப்பாணம் நாவாந்துறைப் பக்கம் ஒரு சனசமூக நிலையத்தில் கூட்டம் வைத்தோம். வெள்ளமோ புயலோ வந்தால் ஒவ்வொரு வீட்டிலும் தயாராக இருக்கவேண்டிய அவசரகாலப் பை பற்றிய விளக்கம். கொழும்பில் இருந்து வந்த படங்களைச் சுவரில் காட்டி, ரோச் லைட், தண்ணீர்ப் போத்தல், பிஸ்கற், முதலுதவிப் பெட்டி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனேன். முன்வரிசையில் இருந்த ஆச்சி ஒருவர் கையை உயர்த்தினார்.

"பிள்ளை, உந்தப் பையை நாங்கள் இருபது வருஷம் தலைமாட்டில வச்சுக்கொண்டு படுத்தனாங்கள். அதுக்குள்ள முதல் வைக்கவேண்டிய சாமானை நீர் இன்னும் சொல்லேல்லை."

என்னவென்று கேட்டேன். காணி உறுதி, அதாவது நிலத்துக்கான பத்திரம் என்றார்.

எனக்கு அப்போது வெட்கமாகத்தான் இருந்தது, ஏனென்றால் அது எனக்கும் தெரிந்த விஷயம். 1995 ஒக்டோபர் 30 இரவு, சண்டைக்குப் பயந்து எங்கள் வலிகாமப் பகுதியே எழும்பிக் கிழக்கே தென்மராட்சிக்கு நடந்தபோது எனக்கு எட்டு வயது. மழை. நாவற்குழிப் பாலத்தில் ஓர் அடி வைக்க எத்தனை நிமிடம் நின்றோம் என்று இன்றைக்கும் சொல்லமுடியாது. அம்மா உறுதியையும் எங்கள் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களையும் பொலித்தீனில் சுற்றி, சேலைக்குள் வயிற்றோடு கட்டியிருந்தார். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்துவிட்டு, யாரோ வரைந்த படத்தை வைத்துக்கொண்டு இந்த ஊர்ச் சனத்துக்குப் பை கட்டச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து கூட்டத்தைக் கேள்வியோடு தொடங்குகிறேன். "95இல உங்கட பையில என்ன இருந்தது?" அவ்வளவுதான், அரை மணித்தியாலத்துக்கு நான் வாய் திறக்கத் தேவையில்லை. பால்மா ரின், சாமிப் படம், பனங்கட்டி, தையல் மெசினின் தலை, கலியாண அல்பம். ஒரு கூட்டத்தில் பின்வரிசையில் இருந்த முஸ்லிம் அக்கா ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "எங்களுக்கு 90இல பை கட்டவே நேரம் தரேல்லை." 1990 ஒக்டோபர் 30, இரண்டு மணித்தியாலத்துக்குள் யாழ்ப்பாணத்தை விட்டுப் போகச் சொல்லப்பட்ட சனம் அவர்கள். கொஞ்ச நேரம் யாரும் கதைக்கவில்லை. பிறகு பக்கத்தில் இருந்த அம்மா அவரின் கையைப் பிடித்துக்கொண்டார். நான் அடுத்த படத்துக்குப் போகவில்லை, போகவும் முடியவில்லை.

ஆனால் ஒன்று. அந்தப் பழக்கம் சண்டைக்கு மட்டும்தான், வெள்ளத்துக்கு இல்லை. நாவாந்துறை ஆச்சியே பிறகு சொன்னார், செல்லடிக்கும் இடப்பெயர்வுக்கும் தப்பிய உறுதி 2008 நவம்பரில் நிஷா புயல் மழைக்கு அலுமாரியின் அடித்தட்டில் கிடந்து ஒரே இரவில் ஊறிப்போனதாம். சண்டைக்குப் பயந்து தலைமாட்டில் வைத்திருந்ததை, வெள்ளம்தானே என்று கீழே இறக்கிவிட்டார். இப்போதைய இளம் பிள்ளைகளைக் கேட்டால் எல்லாம் போனில் இருக்கிறது என்கிறார்கள். சரி, இருக்கட்டும், ஆனால் கரண்ட் நின்று இரண்டாம் நாள் அந்தப் போன் என்ன செய்யும்? அதனால் நான் சொல்வது இதுதான்: அடையாள அட்டை, உறுதி, பிறப்பு அத்தாட்சி, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் கிளினிக் கொப்பி எல்லாவற்றையும் படம் எடுத்து வெளியூரில் இருக்கிற ஒரு சகோதரத்துக்கு வட்சப்பில் அனுப்பி விடுங்கோ, அசலை இரண்டு பொலித்தீனுக்குள் போட்டுக் கட்டி நெஞ்சு உயரத்துக்கு மேலே ஆணியில் தொங்கவிடுங்கோ. அதே பையில் ஒரு கிழமைக்கான மருந்து, வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கிற ஜீவனி இரண்டு பக்கற், ஒரு துவாய்.

எங்கள் ஊர் வெள்ளம் வேறு மாதிரி. மலைநாட்டில் போல மண் சரியாது, மட்டக்களப்பில் போல ஆறு பெருகி வராது. யாழ்ப்பாணத்தில் வழுக்கையாற்றை விட்டால் ஆறு என்று சொல்ல ஒன்றுமில்லை, அதுவும் மாரியில் மட்டும்தான் ஓடும். நிலம் தட்டை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில்தான் வருடத்து மழையில் பெரும்பங்கு கொட்டும், அதை வாங்கி வைக்கக் குளங்களும், குளத்தில் இருந்து கடலுக்குக் கொண்டுபோக வாய்க்கால்களும் முன்னோர் வைத்திருந்தார்கள். குளங்கள் தூர்ந்தன, சில நிரவப்பட்டன, வாய்க்காலுக்கு மேல் மதில் வந்தது, மதகுக்குள் பிளாஸ்ரிக் போத்தல் வந்தது. பொம்மைவெளி, வசந்தபுரம் போன்ற பள்ளமான இடங்களில் தண்ணீர் வந்தால் ஓடிப்போக இடமில்லாமல் நாட்கணக்கில் நிற்கும்.

நிற்கிற தண்ணீர் ஆட்களுக்குப் பயமாகத் தெரிவதில்லை. பிள்ளைகள் அதற்குள் விளையாடுவார்கள், பெரியவர்கள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கடைக்குப் போவார்கள். இந்த இடத்தில்தான் நான் தொண்டை கிழியக் கத்துவது. நகரத்து வளவுகள் சின்னன், மலகூடக் குழியும் கிணறும் எட்டிப்பிடிக்கிற தூரத்தில் இருக்கும், கீழே சுண்ணாம்புக்கல், தண்ணீர் இரண்டையும் தொட்டுக்கொண்டுதான் போகும். வெள்ளம் கிணற்றுக் கட்டுக்கு மேலால் வராவிட்டாலும் அந்தக் கிணற்றுத் தண்ணீரை நம்பமுடியாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வந்து குளோரின் போட்ட பிறகும் கொதிக்க வைத்துத்தான் குடிக்கவேண்டும்.

2024 நவம்பர் இறுதியில் பெங்கல் புயல் மழைக்குப் பிறகு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எல்லோருக்கும் தெரிந்தது. டிசம்பரில் வடமராட்சிப் பக்கம் காய்ச்சல் என்று ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், சிலர் இறந்தும் போனார்கள், முதலில் என்ன காய்ச்சல் என்றே தெரியாமல் ஊரெல்லாம் கதை பரவியது, பிறகுதான் எலிக்காய்ச்சல் என்று உறுதியானது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் காலில் இருக்கிற சின்னக் கீறலுக்குள்ளால் போனால் போதும். வயலுக்குள் இறங்குகிறவர்களுக்குத் தடுப்பு மருந்து கொடுத்தார்கள். நாங்கள் வீடு வீடாகப் போய், காலில் புண் இருந்தால் தண்ணீருக்குள் இறங்காதேங்கோ, இறங்கத்தான் வேணும் என்றால் சப்பாத்துப் போடுங்கோ, காய்ச்சல் வந்தால் பனடோலைப் போட்டுக்கொண்டு வீட்டில் படுக்காதேங்கோ என்று சொல்லிச் சொல்லியே அந்த மாதம் போனது.

அப்புறம் மின்சாரம். தண்ணீர் வாசல்படிக்கு வரும்போதே மெயின் சுவிட்சை நிற்பாட்டவேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்திருந்தேன். ஒரு ஒழுங்கையில் பதினொரு வீட்டில் கேட்டுப் பார்த்தேன், நான்கு வீட்டில் மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று வீட்டில் இருந்த பெண்களுக்குத் தெரியவில்லை. ஒரு வீட்டில் அதற்கு முன்னால் அலுமாரி நின்றது. அன்றைக்கே இரண்டு பேராகப் பிடித்து நகர்த்தி வைத்தோம்.

சொல்லவேண்டிய இன்னொன்று இருக்கிறது, சொல்லக் கஷ்டமாக இருந்தாலும். கரையோரப் பகுதி ஒன்றில் சுனாமி ஒத்திகை வைத்தோம். 2004 டிசம்பர் 26 மணற்காட்டிலும் மருதங்கேணிப் பக்கமும் என்ன நடந்தது என்று தெரிந்த சனம், ஒத்திகைக்கு மறுப்பில்லை. கிராம அலுவலர் மூலம் அறிவித்தோம், நோட்டீஸ் கொடுத்தோம், காலை பத்து மணிக்குச் சைரன் ஒலித்தோம். பிள்ளைகள் வரிசையாகப் பாடசாலைக்கு நடந்தார்கள். எல்லாம் நன்றாகப் போனது என்று நினைத்துக்கொண்டு திரும்பும்போது ஒரு வீட்டில் அழுகைச் சத்தம். காது சரியாகக் கேட்காத ஐயா ஒருவர், நோட்டீஸ் அவரிடம் போய்ச் சேரவில்லை, சைரன் மட்டும் போய்ச் சேர்ந்திருக்கிறது, கட்டிலுக்குக் கீழே படுத்துக் காதுகளைப் பொத்திக்கொண்டு வெளியே வரமாட்டேன் என்கிறார். குண்டு போடுகிற பொம்பர் விமானம் வந்த காலத்துக்குப் போய்விட்டார். மகள் தரையில் இருந்து, "ஐயா, ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நானும் பக்கத்தில் இருந்தேன். ஒரு மணித்தியாலம் ஆனது.

அது என்னுடைய பிழை. இந்த ஊரில் சைரன் என்றால் என்னவென்று யோசித்திருக்க வேண்டியவள் நான். இப்போது ஒத்திகைக்குச் சைரன் வைப்பதில்லை. சாவீட்டு அறிவித்தலுக்கு ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு போவார்களே, அதையே முதல் நாள் மாலையும் அன்று காலையும் ஒழுங்கை ஒழுங்கையாக விடுகிறோம். பெயர் சொல்லி, மெதுவாக, மனிசக் குரலில். தனியாக இருக்கிற வயதானவர்களுக்கு நேரில் போய்ச் சொல்கிறோம்.

அந்தத் தனியாக இருக்கிறவர்கள்தான் எனக்கு மாரி தொடங்கினால் நித்திரை வராததற்குக் காரணம். பிள்ளைகள் கனடாவில், லண்டனில். வீடு பெரிது, மாபிள் நிலம், முன்னும் பின்னும் கமரா. மகன் ரொறன்ரோவில் இருந்து அம்மா முற்றம் கூட்டுவதைப் பார்ப்பார். பெங்கல் மழை இரவில் ஒரு மகளின் அழைப்பு வந்தது, என் நம்பர் யார் கொடுத்தார்களோ தெரியாது. "கமரா வேலை செய்யேல்லை, அம்மா போன் எடுக்கிறா இல்லை, ஆரையும் அனுப்ப ஏலுமோ?" கரண்ட் போனால் கமராவும் போகும், வைபையும் போகும், சாஜ் போடாத போனும் போகும். அந்த ஒழுங்கைப் பொடியன் ஒருவனைக் கேட்டு அனுப்பினேன். படலை உள்ளே பூட்டியிருந்தது, மதில் ஏறிக் குதித்தான். அம்மா குளியலறையில் விழுந்து கிடந்தார், சுகமாகத்தான் இருந்தார், எழும்பத்தான் முடியவில்லை. 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடித்தோம், தண்ணீருக்குள்ளாலும் அம்புலன்ஸ் வந்தது.

அதற்குப் பிறகு வெளிநாட்டுப் பிள்ளைகளோடு கதைக்கும்போதெல்லாம் ஒன்றைத்தான் கேட்கிறேன்: அம்மாவின் வீட்டுத் திறப்பு ஒன்று பக்கத்து வீட்டில் இருக்கிறதா? பலர் யோசிப்பார்கள். களவு பயம், பழைய வேலிச் சண்டை, எல்லாம் இருக்கும். ஆனாலும் ஒரு திறப்புக் கொடுங்கோ, அந்தப் பக்கத்து வீட்டுக்காரரின் நம்பரைக் குளிர்சாதனப் பெட்டியில் பெரிய எழுத்தில் ஒட்டுங்கோ. 117, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம், அதையும் எழுதுங்கோ, ஆனால் பக்கத்து வீட்டு நம்பரை அதற்கு மேலே எழுதுங்கோ.

கடைசியாக, வெளியே வரமாட்டேன் என்கிறவர்கள். 2020 டிசம்பரில் புரேவி புயல் வந்தபோது, கொரோனாக் காலம் வேறு, வகுப்பறைகளில் இடைவெளி விட்டுப் பாய் போட்டுக் காத்திருந்தோம். ஒரு அண்ணை மட்டும் அசையவில்லை. தண்ணீர் முழங்கால் அளவு. நான் வெருட்டினேன், கெஞ்சினேன், பொலிசைக் கூப்பிடுவேன் என்றும் சொன்னேன். அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "95இல பூட்டிப்போட்டுப் போனனாங்கள் தங்கச்சி. 96இல வந்து பார்க்கேக்க யன்னல் நிலைகூட இல்லை. இந்த நிலையை நான் மேசனோட நிண்டு வச்சது."

அதுவரை இப்படியானவர்களை விளக்கமில்லாதவர்கள் என்றுதான் அறிக்கையில் எழுதிக்கொண்டிருந்தோம். அந்தச் சொல்லை நான் பிறகு எழுதவில்லை. ஒழுங்கைக் குழுவோடு கதைத்து, ஆட்கள் வெளியேறினால் இரவில் இரண்டு பேர் முறைவைத்து வீடுகளைப் பார்ப்பது என்று ஒழுங்கு செய்தோம். பாடசாலையில் பெண்களுக்குத் தனி வகுப்பறை, உள்ளே கொளுக்கி போடக்கூடிய மலகூடம், ஒழுங்கைக்கு ஒரு பக்கம் என்று சனம் சேர்ந்து இருக்க இடம். பெங்கலுக்கு அந்த ஒழுங்கையில் கிட்டத்தட்ட எல்லோரும் பொழுதுபடமுன் வந்துவிட்டார்கள்.

அண்ணை வரவில்லை. மனைவியையும் பேரப்பிள்ளையையும் அனுப்பிவிட்டு மேசைக்கு மேல் கதிரை போட்டு இருந்தார். மணித்தியாலத்துக்கு ஒருக்கா யன்னலால் ரோச் அடித்துக் காட்டுவார், காவல் நிற்கிற பொடியன்கள் திருப்பி அடிப்பார்கள். இந்த மாரிக்கும் வரமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். போன கிழமை பட்டியலைப் புதுப்பிக்கப் போனபோது அவர் பெயருக்கு நேரே எழுதிவிட்டு வந்தேன்: வீட்டில்தான் இருப்பார், இன்சுலின் எடுக்கிறவர், பின்கதவுத் திறப்பு மூன்றாம் வீட்டில், ரோச்சுக்குப் புது பற்றரி கொடுக்கவேண்டும்.