தர மேம்பாட்டு ப்ராஜெக்டுக்குப் பரிசு: விதிகளை எழுதியதும் திருத்தியதும்

மருத்துவமனையில் தர மேம்பாட்டு ப்ராஜெக்டுகளுக்குப் பரிசு என்று அறிவித்தால் முதல் சுற்றில் வந்து குவிவது போஸ்டர்கள்தான். 'முன்பு 40 சதவீதம், இப்போது 90' என்று வண்ணத்தில் இரண்டு தூண்கள் நிற்கும். நடுவில் என்ன நடந்தது என்று கேட்டால் பதில் வராது. பரிசு விதிகளை நாங்கள் திரும்பத் திரும்பத் திருத்தியதற்கு அந்த இரண்டு தூண்களே காரணம்.

இப்போது விண்ணப்பம் ஒரே பக்கம். எதைச் சரிசெய்யப் பார்க்கிறீர்கள், சரியாகிவிட்டது என்று எப்படித் தெரியும், என்னென்ன மாற்றிப் பார்த்தீர்கள் என்று மூன்று கேள்விகள். கூடவே ரன் சார்ட், அதாவது அளவு காலப்போக்கில் எப்படி மாறியது என்று புள்ளிகளாகக் காட்டும் வரைபடம், கட்டாயம். வாரத்துக்கு ஒரு புள்ளி. மாற்றத்துக்கு முன் குறைந்தது 10, பின்னும் 10. மாற்றத்துக்கு முந்தைய புள்ளிகளுக்கு மட்டும் மீடியன் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பு) கண்டு, அந்தக் கோட்டை அப்படியே வலப்பக்கம் நீட்ட வேண்டும். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான்: எல்லாப் புள்ளிகளையும் சேர்த்து மீடியன் போட்டால் கோடு நடுவுக்கு நகர்ந்து, எவ்வளவு மாறியது என்பதே தெரியாமல் போகும். தொடர்ந்து 6 புள்ளிகள் கோட்டின் ஒரே பக்கம் விழுந்தால் மாற்றம் உண்மை என்று எடுத்துக்கொள்ளலாம். 5 புள்ளிகள் தொடர்ந்து ஏறினாலோ இறங்கினாலோ அது ஒரு போக்கு. சரியாகக் கோட்டிலேயே விழும் புள்ளி அந்த 6 புள்ளிக் கணக்கில் சேராது.

அடுத்தது வகுக்கும் எண். கீழே விழுந்த நோயாளிகள் 8-லிருந்து 4 ஆகக் குறைந்தார்கள் என்று ஒரு வார்டு எழுதலாம். முதல் மாதம் 1,600 நோயாளி-நாட்கள் (ஒவ்வொரு நாளும் வார்டில் இருந்த நோயாளிகளை எண்ணிக் கூட்டியது), அடுத்த மாதம் பாதிப் படுக்கை காலியாகி 800 என்றால், இரண்டுமே 1,000 நாட்களுக்கு 5. எதுவும் குறையவில்லை.

எங்கள் விதிகளில் தளர்த்தவே கூடாதது ஒன்று: நடந்த தவறுகளைப் பற்றி ஊழியர்கள் எழுதித் தரும் அறிக்கைகளின் எண்ணிக்கை குறைந்ததற்குப் பரிசு கிடையாது. கொடுத்தால் குறைவது மருந்துத் தவறு அல்ல, அதை எழுதித் தரும் பழக்கம். மருந்து கொடுக்கும் முன் இருவர் சரிபார்த்தார்களா என்பது போன்ற செயலைத்தான் அளக்கச் சொல்கிறோம்.

நடுவர்கள் வார்டுக்குப் போய்ப் பார்க்காமல் மதிப்பெண் போடக் கூடாது. கேனுலா (மருந்து ஏற்ற நரம்பில் செருகும் சிறு குழாய்) போட்ட இடத்தில் தேதியும் நேரமும் எழுதும் ப்ராஜெக்டை எடுத்துக்கொள்ளுங்கள். சார்ட்டில் 100 சதவீதம் இருக்கும். படுக்கை படுக்கையாகப் பார்த்தால் பத்து பிளாஸ்திரியிலும் ஒரே கையெழுத்து, ஒரே மை, எல்லாவற்றிலும் 'காலை 8 மணி'. ரவுண்ட்ஸுக்கு முன் மொத்தமாக எழுதியது என்று உடனே விளங்கிவிடும். இதற்காக யாரையும் திட்டிப் பயனில்லை. கேனுலா ட்ரேயில் மார்க்கர் பேனா இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது.

மதிப்பெண் 100. அளவீட்டுக்கு 30, மாற்றம் நிலைத்ததற்கு 30, சிறிய அளவில் சோதித்துத் திருத்திய விதத்துக்கு 25, பிரச்சினையைத் தேர்ந்ததற்கு 15. ஸ்லைடு அழகுக்குப் பூஜ்யம். நடுவர் மூவரும் அந்தத் துறையைச் சேராதவர்கள், ஒருவராவது நர்ஸ். தனித்தனியே போட்ட பிறகுதான் ஒப்பிட வேண்டும். 'இதனால் வேறெங்காவது சிக்கல் வந்ததா' என்ற வரியைக் காலியாக விட்டால் விண்ணப்பம் திரும்பிவிடும். டிஸ்சார்ஜை வேகப்படுத்தி, மறுபடி அட்மிட் ஆகிறவர்களைக் கூட்டிவிட்டால் அது மேம்பாடே இல்லை.

பெயர்ப் பட்டியலில்தான் மனக்கசப்பு. டாக்டர் பெயர் முதலில் வரும். தினமும் எண்ணிக் குறித்த நர்ஸும், குப்பைத்தொட்டியை இடம்மாற்றிக் காட்டிய ஹவுஸ்கீப்பிங் ஊழியரும் விட்டுப்போவார்கள். அதனால் பெயர்கள் அகரவரிசையில்தான். அனுப்பும் முன் ஒரு வாரம் பட்டியல் வார்டு பலகையில் தொங்க வேண்டும்.

பரிசைப் பாதி இப்போது, பாதி ஆறு மாதம் கழித்து என்று பிரித்தோம். மூன்றாம் மாதம் சொல்லாமல் ஒரு ஆடிட். பணத்தைப் பத்துப் பேர் பங்கிட்டால் கைக்கு வருவது சொற்பம், சண்டைதான் மிச்சம். அதைவிட, ப்ராஜெக்ட் நடக்கும்போதே டூட்டி ரோஸ்டரில் வாரம் 2 மணி நேரம் ஒதுக்குவது பெரிய உதவி. சான்றிதழின் நகல் பணியாளர் கோப்பில் ஏறி, ஆண்டு மதிப்பீட்டில் கணக்கில் வர வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் காகிதம்.

ஒழுங்காகச் சோதித்தும் பலிக்காத ப்ராஜெக்டுக்குத் தனிப் பிரிவு உண்டு. மூன்று சுற்றாவது சோதித்த பதிவு இருந்தால் போதும். அடுத்த வார்டு அதே சுவரில் முட்டிக்கொள்ளாமல் தப்பும்.

விழாவை மதியம் ஆடிட்டோரியத்தில் வைத்தால் நைட் ஷிப்ட்காரர்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். காலை ஹேண்டோவருக்கு, அதாவது ஒரு ஷிப்ட் அடுத்த ஷிப்டிடம் பொறுப்பை ஒப்படைக்கும் நேரத்துக்கு, நிர்வாகம் வார்டுக்கே வந்து கொடுத்தால் இரண்டு ஷிப்டும் இருக்கும். பத்து நிமிடம் போதும்.