யாருக்கு, எந்த நேரத்தில்: திருப்பூர் தெருக் குறிப்புகள்

ஜூன் 4

“அந்த ஏரியா பொம்பளப்புள்ளைகளுக்கு ஆகுமுங்களா?” பனியன் கம்பெனி வேலைக்கு வருகிறவர்களுக்கு ரூம் தேடும்போது எல்லோரும் கேட்பது இது. ஏரியா முழுவதற்கும் ஒரே பதில் கிடையாது. குற்றக் கணக்கைப் பார்க்கலாமென்றால், தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் மாநகரப் பட்டியலில் கோவை உண்டு, திருப்பூர் இல்லை. கோவைக்கும் ஊர் மொத்தத்துக்கான எண்தான். உக்கடம் வேறு, சரவணம்பட்டி வேறு என்று அது பிரித்துச் சொல்லாது. போதாததற்கு, புகாரை ஒழுங்காக வாங்குகிற ஸ்டேஷனில் எண்ணிக்கை கூடும், விரட்டிவிடுகிற ஸ்டேஷனில் குறையும்.

ஜூன் 7

பகலில் போய்ப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை. ஒன்றரை ஷிப்ட் (பன்னிரண்டு மணி நேர வேலை) விடுகிற நேரத்தில், பஸ் ஸ்டாப்பிலிருந்து ரூம் வாசல்வரை நடக்க வேண்டும். இரண்டு விளக்குக் கம்பங்களுக்கு நடுவில் நின்றால் பத்தடி தள்ளி வருகிறவர் முகம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பல்பு போயிருக்கும் என்றில்லை. வேப்பங்கிளை மறைத்துக்கொண்டு, விளக்கு எரிந்தும் வெளிச்சம் தரைக்கு வராமல் இருக்கும். மனுவில் ‘விளக்கு சரியில்லை’ என்று எழுதினால் பல்பை மாற்றிவிட்டுப் போவார்கள், இருட்டு அப்படியே கிடக்கும். ‘கிளை வெட்ட வேண்டும்’ என்று எழுதி, கம்பத்தின் எண்ணையும் சேர்க்க வேண்டும்.

அடுத்து, ஓடி நுழையக் கதவு. ஒரு பக்கம் கம்பெனி காம்பவுண்டுச் சுவர், மறுபக்கம் சீமைக்கருவேல முள் என்று போகிற பாதையில் ஒரு டீக்கடைகூட இருக்காது. நொய்யல் ஆற்றோரப் பாதைகளிலும் இதே சிக்கல்தான். டாஸ்மாக் பத்து மணிக்கு மூடும். ஷிப்ட் விட்ட கூட்டமும் கடை விட்ட கூட்டமும் ஒரே பாதையில் வந்தால் அந்த அரைமணி நேரம்தான் மோசம். எட்டு மணிக்கு அதே பாதை நன்றாகவே இருக்கும்.

ஜூன் 14

சனிக்கிழமை ராத்திரி ஆம்பளைகளுக்கும் ஆகாது. வாரச் சம்பளம் கையில் இருக்கும். வடமாநிலத் தொழிலாளிக்குத் தமிழில் புகார் எழுதத் தெரியாது, ஸ்டேஷனுக்கு அலைந்தால் கூலி போகும் என்பது வழிப்பறிக்காரனுக்கும் தெரியும்.

2023 மார்ச்சில் பரவிய பயம் வேறு. இங்கே பீகார்காரர்களைக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் ஓடின. பீகார் அரசுக் குழுவே வந்து விசாரித்தது. அந்த வீடியோக்களில் ஒன்று திருப்பூரில் பீகார் தொழிலாளர்கள் தங்களுக்குள் மோதிக்கொண்டது, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் மோதிக்கொண்டது என்று அப்போதைய டிஜிபி சைலேந்திர பாபு விளக்கினார். ஆகவே வீடியோவில் வண்டி நம்பரில் திருப்பூரின் டிஎன் 39 தெரிந்தால் மட்டும் நம்பிவிடக் கூடாது. இடம் உண்மையாக இருக்கும். அடித்தவர் யார், அடிபட்டவர் யார் என்பது பொய்யாக இருக்கும்.

ஜூன் 19

உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்ட் அருகே, 2016 மார்ச் 13. பட்டப்பகல், சுற்றிலும் ஆட்கள், சிசிடிவி. சாதி மாறிக் கல்யாணம் செய்த சங்கரை வெட்டிக் கொன்றார்கள். அவர் மனைவி கௌசல்யாவுக்கும் வெட்டு விழுந்தது. வெளிச்சம், கதவு, கூட்டம் என்று எதைப் பார்த்தாலும் தேறியிருக்கக்கூடிய இடம் அது. இப்படிப்பட்ட தம்பதிகளுக்கு ஆபத்து ஆளைத் தேடி வருகிறது, நல்ல ஏரியா அவர்களைக் காப்பாற்றாது. ஆணவக் கொலைகளைத் தடுக்கக் கேட்டு சக்தி வாஹினி அமைப்பு போட்ட வழக்கில், 2018-இல் உச்ச நீதிமன்றம் இவர்களுக்காக மாவட்டந்தோறும் தனிப்பிரிவு வைக்கச் சொன்னது. கல்யாணத்துக்கு முன்பே எஸ்.பி. அலுவலகத்தில் மனுக் கொடுப்பது நல்லது. மிரட்டியவர் பெயர், தேதி, போன் நம்பர் தனித்தனியாக இருக்க வேண்டும். ‘பயமாக இருக்கிறது’ என்று மட்டும் எழுதினால் இரு வீட்டாரையும் கூப்பிட்டுப் பேசி அனுப்பிவிடுவார்கள், தங்கியிருக்கிற இடமும் வெளியே தெரிந்துவிடும். முகவரியை வீட்டாரிடம் சொல்லக் கூடாது என்று மனுவிலேயே எழுதுங்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் எந்த ஸ்டேஷனிலிருந்தும் வரக் கூடாது.

ஜூன் 22

“நீங்க எந்த ஆளுங்க?” என்று கேட்டுவிட்டு, டூ-லெட் போர்டு தொங்கும்போதே வீடு இல்லை என்கிற தெருக்களும் இருக்கின்றன. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான கொடுமைக்கு 14566 என்ற இலவச எண் இருக்கிறது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன், அதே சமூகத்தாரோ அதே மாநிலத்தாரோ அந்தத் தெருவில் குடியிருந்தால் அவர்களிடம் ஒரு கேள்வி: முன்னால் இருந்தவர்கள் ஏன் காலி செய்தார்கள்?