ஆவிக்கும் ஒரு கணக்கு நோட்டு

பழிவாங்கும் ஆவியை வைத்து எழுதிய நாவல் தொடர் எடிட்டிங்குக்கு வந்தால், முதல் வாசிப்பிலேயே பயம் வருகிறதா என்று பார்க்கக் கூடாது. பாக்கி என்ன என்று பார்க்க வேண்டும். ஆவிக்கு யார் என்ன செய்தார்கள், எத்தனை தலை உருண்டால் கணக்கு தீரும், அது எந்த வழியாக வந்து தொடும், எதைத் தாண்டி வராது. இந்த நான்கையும் ஒரு பக்கத்தில் எழுத முடியாவிட்டால் அந்தத் தொடர் இரண்டாம் பாகத்தைத் தாங்காது.

நமக்குப் பழகிய வகை பட்டியல் வகை. நான்கு பேர் சேர்ந்து ஒரு பெண்ணைக் கொல்கிறார்கள். அவள் திரும்பி வந்து வரிசையாக நான்கு பேரையும் முடிக்கிறாள். நாலாவது ஆள் செத்ததும் கதை செத்தது. ‘அடுத்த பாகம் வேண்டும்’ என்று கேட்டால், எல்லாவற்றுக்கும் பின்னால் இருந்தவன் என்று ஐந்தாவதாக ஒருவனை இழுத்து வருவார்கள். தொடர் நொண்டத் தொடங்கும் இடம் அதுதான்.

ஜப்பானியர்கள் ‘ஒன்ரியோ’ என்று சொல்லும் பழிவாங்கும் ஆவிக்குப் பட்டியல் கிடையாது. அரசவையிலிருந்து துரத்தப்பட்ட சுகவாரா நோ மிச்சிசானே 903இல் தாசாய்ஃபுவில் இறந்தார். அவருக்கு எதிராக நின்ற ஃபுஜிவாரா நோ தொக்கிஹிரா 909இல் இறந்தார். கணக்கு அதோடு முடியவில்லை. 930இல் அரண்மனையில் இடி விழுந்து ஆட்கள் செத்தபோதும் மிச்சிசானேயின் கோபம் என்றே நம்பினார்கள். கடைசியில் கியோத்தோவில் கோயில் கட்டித் தெய்வமாக்கினார்கள். தொடராக எழுதத் தாங்குவது இந்த மாதிரி தீராத கோபம்தான்.

கோஜி சுசுகியின் ‘ரிங்கு’ (1991) நாவல் இந்த வேலைக்கு நல்ல பாடம். அதன் ஆவி சதாகோ, கொன்று கிணற்றில் போடப்பட்டவள். அவள் சாபம் ஏறிய வீடியோ டேப்பைப் பார்த்தவர் ஏழு நாளில் செத்துப்போவார். தாய் ஷிசுகோவின் அபூர்வ சக்தியைப் பத்திரிகைக்காரர்கள் முன் சோதித்து, மோசடி என்று தூற்றுகிறார்கள்; அவள் மிஹாரா எரிமலை வாயில் குதித்துச் சாகிறாள். இதன் பின்னால் உண்மைச் சாயல் உண்டு: தோக்கியோ பேராசிரியர் ஃபுக்குராய் 1910இல் சோதித்த மிஃபுனே சிசுகோ, மறு வருடமே நஞ்சு குடித்து இறந்தார்.

சுசுகி செய்த கெட்டிக்காரத்தனம் முடிவில் இருக்கிறது. கிணற்றிலிருந்து எலும்பை எடுத்துச் சொந்த ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தால் ஆவி அடங்கும் என்று நாயகன் அசகாவா நம்புகிறான். நாமும் நம்புகிறோம், காரியம் செய்தால் சாந்தி என்பது நம் ரத்தத்திலேயே ஊறியது. அடங்கவில்லை, நண்பன் ரியூஜி சாகிறான். அசகாவா பிழைத்தது ஏன் என்றால், அந்த வீடியோ டேப்பை நண்பனுக்காக ஒரு பிரதி எடுத்துக் கொடுத்திருந்தான். சதாகோ கேட்டது பெருக்கம்: டேப் பிரதி பிரதியாகப் பரவ வேண்டும். இதைச் சொல்லும் பகுதி டேப்பின் கடைசியில் இருந்தது. முதலில் பார்த்த இளைஞர்கள் விளையாட்டாக அதன்மேல் விளம்பரத்தைப் பதிவு செய்துவிட்டார்கள். ரகசியம் மறைந்ததற்கு ஒரு மனிதக் காரணம் இருப்பதைக் கவனியுங்கள். ‘ஆவி மறைத்தது’ என்று எழுதியிருந்தால் முடிவு சப்பென்று போயிருக்கும்.

இரண்டாவது வாசிப்பு காலண்டருக்கு. இளைஞர்கள் மலைக்குடிலில் டேப்பைப் பார்த்தது ஆகஸ்ட் 29. செத்தது செப்டம்பர் 5. ஆகஸ்டில் மிச்சம் 2 நாள், செப்டம்பரில் 5, சரியாக 7. கெடு வைத்த கதையில் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் தேதி, மணி, எஞ்சிய நேரம் மூன்றையும் நோட்டில் எழுதிவிட வேண்டும். பெரும்பாலும் இடிப்பது பயண நேரம்தான். காலையில் ஓரிடத்தில் இருந்தவன் மதியம் 300 கிலோமீட்டர் தள்ளி நிற்பான். பேய் உண்டென்று ஒத்துக்கொள்ளும் வாசகர் பஸ் அவ்வளவு வேகமாகப் போகும் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டார்.

அடுத்த சிக்கல் சக்தி வீங்குவது. முதல் பாகத்தில் கதவைத் தட்டிய ஆவி மூன்றாம் பாகத்தில் ஊரையே எரிக்கும். அப்படியானால் முதல் பாகத்தில் ஏன் தட்டிக்கொண்டிருந்தது? சுசுகி ஆவியைப் பெரிதாக்கவில்லை, விளக்கத்தை மாற்றினார். ‘ரிங்கு’வின் அடுத்த பாகமான ‘ரசென்’ (1995) நாவலில் பிணப் பரிசோதனை மருத்துவர் ஆண்டோ வருகிறார், சாபம் வைரஸாகிறது, அசகாவா எழுதிவைத்த அறிக்கையே தொற்றைச் சுமக்கிறது. வீடியோ டேப் வழக்கொழிந்தாலும் கதை பிழைத்துக்கொள்ள அதுவே வழி. தொடரில் மிகக் கெட்டியான புத்தகம் என்றால் அதைத்தான் சொல்வேன். 1996இல் யோஷிகாவா எய்ஜி புதுமுக எழுத்தாளர் விருதும் பெற்றது. ‘லூப்’ (1998) அந்த உலகமே கணினிக்குள் நடந்தது என்கிறது. துணிச்சல்தான், ஆனால் அங்கே பயம் போய்விட்டது.

மொழிபெயர்ப்பாக இருந்தால் தட்டச்சுக்கு முன்பே பெயர்ப் பட்டியல் போட வேண்டும். ஆங்கிலம் வழியாக வந்ததால் ‘சடாகோ’ என்கிறோம். ஜப்பானிய ஒலிக்கு ‘சதாகோ’ நெருக்கம். எதை வைத்தாலும் சரி, மூன்றாம் அத்தியாயத்தில் ஒன்றும் பதினொன்றில் இன்னொன்றுமாக வரக் கூடாது. ‘ஒன்ரியோ’வை ‘நீலி’ என்று மாற்றும் ஆசையும் வரும். மாற்றினால் இசு தீபகற்பத்துக் கிணறு திருவாலங்காட்டுக்கு நகர்ந்துவிடும்.

கடைசியாக அட்டை. முகத்தை மூடிய முடியோடு டிவியிலிருந்து ஊர்ந்து வரும் பெண்ணைத்தான் ஓவியர் வரைந்து தருவார். அது 1998 திரைப்படத்தின் காட்சி, நாவலில் கிடையாது. உரிமைச் சிக்கலும் சேர்ந்து வரும். கிமோனோ போட்ட ஆவி என்றால் மடிப்பைப் பாருங்கள்: உயிரோடு இருப்பவர் அணியும்போது அவருடைய இடப்பக்கத் துணி மேலே வரும், பிணத்துக்கு வலப்பக்கம் மேலே. படத்தைக் கம்ப்யூட்டரில் இடம் வலமாகத் திருப்பினால் ஆவி உயிர் பெற்றுவிடும். அதனால் அச்சுக்குப் போகும் கடைசி பிரதியிலும் ஒரு தடவை மடிப்பைப் பார்த்துவிட்டே கையெழுத்துப் போட வேண்டும்.